ரேகை விழாத பெண்களுக்கும் ரேஷன் பொருள் வழங்க உத்தரவிடக் கோரி மனு

அனுப்புநர்:
ரேஷன் அட்டைதாரர்களான பெண்கள்,
கண்ணகி நகர், ஒக்கியம் துரைப்பாக்கம்,
சென்னை – 600 097.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சென்னை மாவட்டம்.

பொருள்: கைரேகை பதியவில்லை என்ற காரணத்தால் ரேஷன் பொருள் மறுக்கப்படுவது – மாற்று வழியில் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையைச் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறோம். மனு ரசீது கையில் இருக்கிறது. "பரிசீலனையில் உள்ளது" என்று செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்ததோடு சரி. ஆகவே தங்கள் மேலான பார்வைக்கே கொண்டுவருகிறோம்.

எங்கள் பகுதியைத் தங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆற்றங்கரையிலும் ரோட்டோரத்திலும் குடியிருந்தவர்களை 2000-ம் ஆண்டு முதல் கொண்டுவந்து குடியமர்த்திய இடம். கொஞ்ச தூரத்தில் ராஜீவ் காந்தி சாலை நெடுகக் கம்ப்யூட்டர் கம்பெனிகள். எங்களில் பலர் அந்தக் கட்டடங்களில்தான் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறோம். மற்றவர்கள் வீட்டு வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறோம்.

1. ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்து, ரேகை ஒத்துப்போனால்தான் பில் வருகிறது. வருடக்கணக்காக ஆசிட்டிலும் பினாயிலிலும் பிளீச்சிங் பவுடரிலும் ஊறிய கைகள் எங்களுடையவை. விரல் நுனி வழவழவென்று ஆகிவிட்டது. சிமென்ட் சட்டி தூக்குகிறவர்களுக்கு வெடித்துப் போயிருக்கிறது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், வலது கை, இடது கை என்று மாற்றி மாற்றி வைக்கிறோம். முந்தானையில் துடைத்துவிட்டு வை என்கிறார்கள், துடைக்கிறோம். தலையில் தேய்த்துக் கொஞ்சம் எண்ணெய்ப் பசையோடு வை என்கிறார்கள், அதையும் செய்கிறோம். மெஷின் ஏற்க மாட்டேன் என்கிறது. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் சத்தம் போடுகிறார்கள். "ரேகை விழலம்மா, நாளைக்கு வந்து பாரு" என்று அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் மட்டும் விரலில் புதிதாக ரேகை முளைத்துவிடுமா ஐயா?

கடை திறந்திருக்கும் நேரம்தான் எங்களுக்கு வேலை நேரம். அரை நாள் தாமதமானால் கான்ட்ராக்டர் முழு நாள் கூலியைப் பிடித்துக்கொள்கிறார். கூலியும் போய், காலிப் பையோடு திரும்பி வருகிறோம். மாதம் முடிந்துவிட்டால் அந்த மாதத்து அரிசி, பருப்பு, பாமாயில் எல்லாம் போனதுதான்.

2. அட்டையில் உள்ள வேறு யாராவது விரல் வைக்கலாமே என்று சொல்வார்கள். புருஷனை இழந்து ஒண்டியாக இருக்கும் பெண்கள் யாரைக் கூட்டி வருவார்கள்? மகள் கல்யாணமாகிப் போனதும் அவள் பெயர் வேறு அட்டைக்குப் போய்விட்டது.

3. ஓ.டி.பி. வரும் என்கிறார்கள். பதிவு செய்த நம்பர் ரீசார்ஜ் பண்ண முடியாமல் எப்போதோ கட்டாகிவிட்டது. இல்லையென்றால் வீட்டிலிருக்கும் ஒரே போன் வேலைக்குப் போன மகன் கையில் இருக்கிறது.

4. சிக்னல். பிளாக்குகளுக்கு நடுவில் டவர் கிடைக்காமல் விற்பனையாளர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்து, கையை உயர்த்திப் பிடித்து நிற்கிறார். அவர் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை.

5. ஆதார் மையத்துக்குப் போய் ரேகையைப் புதுப்பித்து வரச் சொல்கிறார்கள். போனோம். அதற்கும் ஒரு நாள் கூலி. அங்கேயும் இதே மாதிரி ஒரு கண்ணாடியில்தான் விரலை வைக்கச் சொல்கிறார்கள், அதிலும் பதியவில்லை. "கொஞ்ச நாள் வேலைக்குப் போகாம இருங்க, தோல் வளர்ந்ததும் வாங்க" என்று ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறார்கள். வேலைக்குப் போகாமல் எதைச் சாப்பிடுவது? இதை யாரிடம் போய்க் கேட்பது? கடையில் ஆதார் மையத்தைக் காட்டுகிறார்கள், மையத்தில் அலுவலகத்தைக் காட்டுகிறார்கள், அலுவலகத்தில் மனு எழுதிக் கொடு என்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் படிக்கக்கூட ஆள் இல்லையா?

6. சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. ரேகையும் ஓ.டி.பி.யும் தோற்றாலும், நெட்வொர்க் இல்லாவிட்டாலும், தகுதியானவருக்குப் பொருளை மறுக்காமல் தனிப் பதிவேட்டில் எழுதி வழங்க வேண்டும் என்று ஆதார் ஆணையமே 24.10.2017 தேதியிட்ட சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், ரேகை ஒத்துப்போகாதவர் வேறு வழியில் தம்மை நிரூபிக்க இடம் தர வேண்டும் என்றது. எங்கள் வீட்டுப் பிள்ளை படித்துச் சொன்னதால் இது எங்களுக்குத் தெரியும். கடையில் பதிவேடு கேட்டால், "அப்படி ஒண்ணும் வரல" என்கிறார்கள்.

முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தாயுமானவர் திட்டத்தில் வீடு தேடிப் பொருள் வருகிறது. நல்ல காரியம், மனதார வாழ்த்துகிறோம். ஆனால் ஐம்பது வயதில் கை தேய்ந்துபோனவள் அதில் சேர மாட்டாள். அவளுக்கும் ஒரு வழி வேண்டாமா?

ஆகவே ஐயா அவர்கள் தயைகூர்ந்து,

அ) ரேகை விழாதவர்களுக்கு அட்டையைப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிப் பொருள் வழங்க எழுத்துமூலம் உத்தரவிட வேண்டும். அந்த உத்தரவைக் கடை வாசலில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் "வரல" என்றுதான் சொல்வார்கள்.

ஆ) கண் கருவிழியைப் பதியும் கருவியை எங்கள் கடைக்கும் தர வேண்டும்.

இ) மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதியிலேயே ஆதார், செல்போன் நம்பர் திருத்த முகாம் நடத்த வேண்டும்.

இந்த மூன்றில் முதலாவதையாவது உடனே செய்து தாருங்கள். கருவி வரத் தாமதமாகலாம், முகாமுக்கு ஆள் வேண்டும், புரிகிறது. ஒரு நோட்டுப் புத்தகமும் ஓர் உத்தரவும் போதும், அடுத்த மாத அரிசி எங்கள் கைக்கு வந்துவிடும். ரேகை இல்லை என்பதற்காக எங்களை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம் என்று மீண்டும் தங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கண்ணகி நகர் பெண்கள்
(கையெழுத்தும், எழுதத் தெரியாதவர்களின் பெருவிரல் பதிவும் தனித்தாளில்)

இணைப்பு: முந்தைய மனு ரசீதுகளின் நகல்.