போர்ச்சுகலின் பிராகாவிலிருந்து நியூ ஜெர்சியின் எடிசனுக்கு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வேலையை விட்டதும் நீயும் தங்கச்சியும் போர்ச்சுகலுக்கே வந்துவிடலாம் என்று யோசிக்கிறீர்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹாஸ்டலுக்குப் பிறகு நாம் ஒரே ஊரில் இருந்ததே இல்லையே. அந்த ஆசை எனக்கு நிறைய இருப்பதால்தான் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கணக்கில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தாய். இதில் சுலபமான பகுதியே அதுதான். ஓய்வு பெற்றவர்கள் கேட்கும் விசா டி-7. சம்பளம் கணக்கில் வராது. சோஷியல் செக்யூரிட்டி என்கிற அமெரிக்க அரசு ஓய்வூதியம், பென்ஷன், வீட்டு வாடகை, டிவிடெண்ட் போன்றவை வரும். அளவுகோல் இந்த நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம், 2025இல் அது மாதம் 870 யூரோவாக இருந்தது. மனைவிக்கு அதில் பாதி கூடுதல். அப்படியென்றால் அந்த வருடக் கணக்கில் இருவருக்கும் 1,305 யூரோ. அது வருடா வருடம் ஏறும். ஏறினாலும் உனக்குப் பிரச்சினை இல்லை. இதோடு நிஃப் என்கிற வரி எண், இங்கே ஒரு வங்கிக் கணக்கு, ஒரு வருட வாடகை ஒப்பந்தம். ஸ்பெயினையும் பார்த்துவைத்திருக்கிறாய் போல. அங்கே வேலை செய்யாமல் வசிப்பதற்கான விசாவுக்கு ஒருவருக்கு மாதம் 2,400 யூரோ, துணைக்கு இன்னொரு 600. அதுவும் உன்னால் முடியும்.

என்னைக் கவலைப்படுத்தியது உன் கடிதத்தின் கடைசிப் பத்திதான். 'ஆறு மாதம் எடிசன், ஆறு மாதம் பிராகா, நடுவில் அம்மாவைப் பார்க்க மதுரை' என்று எழுதியிருக்கிறாய். இந்தத் திட்டம் டி-7இல் நடக்காது. விசா என்பது உள்ளே வருவதற்கு மட்டும்: நான்கு மாதம் செல்லும், இரண்டு தடவை நுழையலாம். அதற்குள் ஆய்மா என்கிற குடியேற்ற அலுவலகத்தில் கைரேகை கொடுத்து, வசிப்பு அட்டைக்குப் பதிய வேண்டும். முதல் அட்டை இரண்டு வருடத்துக்கு. அந்த இரண்டு வருடத்தில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேலோ, விட்டு விட்டு மொத்தம் எட்டு மாதத்துக்கு மேலோ நாட்டை விட்டு வெளியே இருக்கக் கூடாது. உன் கணக்குப்படி எடிசனுக்கே பன்னிரண்டு மாதம் போய்விடுகிறது. மதுரைக்குப் போகிற நாட்களும் இந்த எட்டு மாதத்துக்குள்தான் அடங்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் எழுதிக் கொடுத்து விலக்குக் கேட்கலாம். ஆனால் வருடாவருடம் நடக்கப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு விலக்கை நம்பி வராதே. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவசரமாகக் கிளம்ப வேண்டிய நேரத்தில் நீ நாள் எண்ணிக்கொண்டு நிற்கக் கூடாது, மாப்ளே.

பாதி அங்கே, பாதி இங்கே என்பதில்தான் உங்கள் இருவருக்கும் நிம்மதி என்றால், விசாவே வேண்டாம். அமெரிக்க பாஸ்போர்ட்டோடு எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள் ஷெங்கன் நாடுகளில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளில் இருக்கலாம். வசந்தத்தில் மூன்று மாதம், இலையுதிர்காலத்தில் மூன்று மாதம் என்று வந்து போகலாம். 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு என்பதால், லிஸ்பனிலிருந்து பாரிஸுக்குப் போனால் எண்ணிக்கை நிற்காது. முன்பு பாஸ்போர்ட்டில் முத்திரையைப் பார்த்து எண்ணினார்கள். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுத்து, நாட்களைக் கணினியே எண்ணத் தொடங்கியிருக்கிறது.

இல்லை, இங்கேயே வாழத்தான் வருகிறோம் என்றால் அமெரிக்காவைப் பற்றியும் இரண்டு விஷயம். குடியுரிமை இருக்கும்வரை எங்கே வசித்தாலும் ஐ.ஆர்.எஸ். என்கிற அமெரிக்க வரித் துறைக்குக் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்கிற அறிக்கை தனி. வருடத்தில் 183 நாளுக்கு மேல் இங்கே இருந்தால் போர்ச்சுகலும் உன்னை வரி கட்டுபவனாக எடுத்துக்கொள்ளும். ஓய்வூதியத்துக்கு 10 சதவீதம்தான் வரி என்று உன் அலுவலக நண்பர் சொன்ன சலுகை இப்போது புதியவர்களுக்குக் கிடையாது. வீட்டை விற்பதற்கு முன்பே, இரு நாட்டு வரியும் தெரிந்த ஒருவரிடம் காசு கொடுத்து உட்கார்ந்து பேசு. அந்தச் செலவில் சிக்கனம் பார்க்காதே.

இரண்டாவது மெடிகேர், மூத்தவர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு. அமெரிக்காவுக்கு வெளியே அது பொதுவாகச் செல்லாது. அதற்காக அதில் டாக்டர் செலவுக்கான பார்ட் பி-யை எடுக்காமல் விட்டு, பிறகு திரும்பிப் போய்ச் சேர்ந்தால், விட்ட ஒவ்வொரு முழு வருடத்துக்கும் பிரீமியம் 10 சதவீதம் கூடும், அதுவும் நிரந்தரமாக. தங்கச்சிக்குச் சர்க்கரை இருப்பதால் இதைத் தனியாக யோசியுங்கள். வசிப்பு அட்டை வந்ததும் இங்குள்ள அரசு மருத்துவத்தில் பதிந்துகொள்ளலாம். அதுவரை தனியார் காப்பீடுதான்.

விசாவுக்கான காகிதங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குற்றப் பதிவு இல்லை என்று காட்டும் எஃப்.பி.ஐ. நற்சான்றிதழுக்குக் கைரேகையைச் சில தபால் நிலையங்களிலேயே எடுப்பார்கள். அது மத்திய அரசு ஆவணம் என்பதால் நியூ ஜெர்சி அரசின் அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அத்தாட்சி) செல்லாது, வாஷிங்டனில் வெளியுறவுத் துறையிடம்தான் வாங்க வேண்டும். உங்கள் கல்யாணம் மதுரையில் நடந்தது. அதனால் அந்தச் சான்றிதழுக்கு இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் வேண்டும். நம் காலத்தில் பலர் கல்யாணத்தைப் பதிவு செய்யாமலே விட்டார்கள். நீ பதிவு செய்தாயா என்று எனக்கு நினைவில்லை.

ஊரைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிராகா எனக்குப் பிடித்துப்போய்விட்டது. மழை அதிகம். பழைய வீடுகளில் ஹீட்டர் கிடையாது, ஜனவரியில் சுவரெல்லாம் ஈரம். தங்கச்சிக்கு இது ஒத்துவருமா என்று நீயே தீர்மானிக்காமல், ஒரு குளிர்காலத்தில் இருவரும் வந்து எங்கள் வீட்டிலேயே ஒரு மாதம் தங்கிப் பாருங்கள். பாஷை பழக நீ வெகுதூரம் போக வேண்டாம், நியூவார்க்கில் ஃபெர்ரி தெருப் பக்கம் போனால் காதில் போர்ச்சுகீஸ் விழுந்துகொண்டே இருக்கும்.

அம்மா பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டால் அதையும் வெளிப்படையாகச் சொல். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டையோடு மதுரையில் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், அங்கே இந்த எண்ணிக்கையெல்லாம் இல்லை. நீ இங்கே வராமல் போனால் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் அது சரியான முடிவு என்றே சொல்வேன்.

தங்கச்சியிடம் பேசிவிட்டு எந்த வழி என்று எழுது. இங்கேதான் என்றால் முதலில் அந்தக் கல்யாணச் சான்றிதழைத் தேடு. அது கிடைக்கவில்லையென்றால் மதுரையில் தம்பியை விட்டு இப்போதே பதிவு அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளே