முறுக்கு டின்

சிங்கப்பூர்
28 அக்டோபர் 2025

அன்புள்ள மேரி,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபப்படு, பட்டு முடித்துவிட்டு மேலே படி. முட்டிவலி பரவாயில்லை. மருமகள் வேலை மாறிவிட்டாள். நம் கமலா இன்னும் அதே பழைய பஸ் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெர்த்தில் குளிர் விட்டதா?

நேற்று ராத்திரி நடந்ததை உன்னிடம் சொல்லாமல் என்னால் தூங்க முடியவில்லை.

திங்கட்கிழமைதோறும் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் நடத்தும் மக்கள் சந்திப்புக்குப் போய் மனு எழுதிக் கொடுக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? ஆளும் மக்கள் செயல் கட்சியின் பாலர்பள்ளி வகுப்பறையில்தான் நடக்கும். குட்டி நாற்காலியில் முட்டியை மடக்கி உட்கார்ந்து, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கும் மருத்துவமனைக்கும் கடிதம் தட்டுவோம். ஜூன் மாதம் ஒரு பாட்டி வந்தாள். மகன் போன பிறகு வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள், பாக்கி ஏறிவிட்டது. தவணையில் கட்ட அனுமதி கேட்டு நான்தான் எழுதினேன், உறுப்பினர் கையெழுத்துப் போட்டார். கிடைத்துவிட்டது.

நேற்று மைலோ டின்னோடு வந்து நின்றாள். கை முறுக்கு, அவளே சுற்றியது. மூடியைத் திறந்தால் எண்ணெய்த்தாளுக்கு அடியில் பச்சை நிற அங்பாவ், அன்பளிப்புப் பணம் வைக்கும் உறை. பத்து வெள்ளி (டாலர்) தாள் இரண்டு, நாலாக மடித்தது. "ஐயாவுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணும்மா. வெறுங்கையோட எப்படி வர்றது?"

உறையை அவள் கையிலேயே திருப்பி வைத்தேன். முகம் சுருங்கிவிட்டது மேரி. "கொறைச்சலா இருக்கா?" என்று கேட்டாள். அதைக் கேட்டதும் எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பக்கத்து மேசைச் சீனப் பையன் எழுந்து வந்து, "பாட்டி, யாருகிட்டயும் வாங்கக் கூடாது, சட்டம்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான். முறுக்கை மட்டும் எல்லார் முன்னாலும் பிரித்து, வரிசையில் காத்திருந்தவர்களுக்கே கொடுத்துவிட்டோம். பாட்டி ஒன்றும் பேசாமல் கிளம்பிவிட்டாள்.

ஒவ்வொரு பொதுத்தேர்தல் முடிந்ததும் பிரதமர் தம் கட்சி உறுப்பினர்களுக்கு நடத்தை விதிக் கடிதம் ஒன்று எழுதுவார், தமிழ் முரசு பத்திரிகையில் பார்த்திருப்பாய். தொழிலையும் பதவியையும் கலக்காதே, வாடிக்கையாளருக்காக அமைச்சுகளிடம் பேசாதே, வருமானத்தையும் இயக்குநர் பதவிகளையும் எனக்குத் தெரிவி என்று ஒவ்வொன்றாக வரும். அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் 2011-ல் எழுதியதை ராத்திரி உட்கார்ந்து மறுபடி படித்தேன். கடமைக்கு இடைஞ்சலாகும் அன்பளிப்பை மறுத்துவிட வேண்டும். மற்றவை வந்தால் நாடாளுமன்றத் தலைமை எழுத்தரிடம் சொல்லி மதிப்புப் போட்டு, வேண்டுமானால் காசு கட்டி எடுத்துக்கொள்ளலாம். நெருங்கிய நண்பர், உறவினர் கொடுத்தால் இந்தக் கணக்கு வேண்டாம்.

அந்த 'நெருங்கிய நண்பர்' என்ற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன்.

போக்குவரத்து அமைச்சராக இருந்த ஈஸ்வரன் விஷயம் வந்தபோது நாம் இரண்டு பேரும் போனில் அழாத குறை. எத்தனை தமிழ் விழாவில் முன்வரிசையில் பார்த்த முகம்! 2023 ஜூலையில் கைது. போன வருஷம் அக்டோபரில் பன்னிரண்டு மாதச் சிறை. அரசுத் தரப்பு கேட்டது ஆறேழு மாதம், நீதிபதி கொடுத்தது அதைவிட அதிகம். பதவி உயர உயரக் குற்றமும் கனக்கும் என்றார். எஃப்1 கார் பந்தய டிக்கெட், தோஹாவுக்குத் தனி விமானம், விஸ்கி, பிராம்ப்டன் சைக்கிள் என்று நாலு லட்சம் வெள்ளிக்கு மேல். கொடுத்தவர்கள் யார்? நண்பர்கள். நல்லவேளையாகத் தண்டனைச் சட்டத்தின் 165-ஆம் பிரிவு நட்பைப் பார்ப்பதில்லை. தன் அலுவலோடு தொடர்புள்ளவரிடம் மதிப்புள்ள பொருளை விலை கொடுக்காமல் வாங்கினாலே குற்றம். பதிலுக்கு என்ன செய்து கொடுத்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

அப்போது நீ கேட்டாய், "லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவே பிரதமருக்குக் கீழேதானே, அவரே வேண்டாமென்றால்?" என்று. 1991-லேயே அரசியல் சாசனத்தைத் திருத்திவிட்டார்களடி. பிரதமர் மறுத்தாலும் அதிபர் ஒப்புக்கொண்டால் விசாரணை நடக்கும். ஈஸ்வரன் வழக்கில் அந்தக் கட்டமே வரவில்லை, தகவல் போன மறுநாளே பிரதமர் சம்மதித்துவிட்டார். 1986-ல் அமைச்சர் தே சியாங் வான் மீது விசாரணை வந்தபோது நம் அப்பாக்கள் காப்பிக் கடையில் குரலைத் தாழ்த்திப் பேசினார்களே, ஞாபகமிருக்கிறதா? அப்போதும் பிரதமர் லீ குவான் இயூ தடுக்கவில்லை. சட்டத்தின் பக்கம் எனக்குப் பயமில்லை.

கட்சிக் கடிதத்தின் பக்கம்தான் பயம். அமைச்சராகி இருபது வருஷத்தில் ஒருவருக்குக் ஒப்பந்தக்காரர் நண்பராகிவிடுவார், ஓட்டல்காரர் நண்பராகிவிடுவார். நண்பர் யார் என்பதை வாங்குகிறவரே முடிவு செய்தால் விதி இருந்து என்ன பயன்? என்னைக் கேட்டால், பதவிக்கு வருவதற்கு முன்பே இருந்த நண்பர் மட்டும்தான் நண்பர் என்று எழுதிவிட வேண்டும். மற்ற எவர் கொடுத்தாலும் பதிவாக வேண்டும், அந்தப் பதிவு மக்கள் கண்ணில் பட வேண்டும். கிளைக் கூட்டத்தில் இதை எழுந்து சொல்லப்போகிறேன். "சரோ, உனக்கு எதுக்கு வம்பு" என்று நீ சொல்வாய், தெரியும். சொல்லாதே.

பாட்டி நினைவு வந்தால் இன்னும் கோபம் வருகிறது, அவள் மேல் இல்லை. தவணை கேட்பது அவள் உரிமை, விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் வேலை. அதை ஐயா போட்ட பிச்சை மாதிரி நினைத்து, சாப்பாட்டுக் காசில் இருபது வெள்ளி எடுத்து மடித்திருக்கிறாள். இத்தனை வருஷம் நாங்கள் அவளிடம் எப்படிப் பேசியிருந்தால் அப்படி நினைத்திருப்பாள்?

டின் இப்போது என் அடுப்படியில், கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வராது. சனிக்கிழமை அவள் புளோக்குக்கு நானே போகிறேன். பல் அவ்வளவாக இல்லை அவளுக்கு. ரவா லட்டு பிடிக்கட்டுமா? உங்கள் அம்மா செய்வார்களே, உதிராமல், அந்த அளவை வாட்ஸ்அப்பில் உடனே அனுப்பு.

உன்
சரோ