கதிருக்கு விதைகளை அரைத்துக் கொடுங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் எழுதிய கடிதம் மூன்று வாரங்களுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. அதற்கு முந்தைய கடிதத்துக்கும் நான் பதில் எழுதவில்லை. அதை நீங்கள் ஒரு வரியில்கூடச் சுட்டிக்காட்டாமல் விட்டிருந்ததுதான் என்னை அதிகம் வருத்தியது. தொலைபேசியில் பேசும்போது நலம் விசாரிப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. ஒரு பண்டம் செய்யும் பக்குவத்தை அதில் சொல்லி முடிக்க இயலவில்லை. அக்காவின் பிள்ளை கதிருக்கு இரும்புச்சத்து குறைந்திருப்பதாக மருத்துவர் சொன்னார் என்றும், நான் பிள்ளைகளுக்கு விதைகளையும் பழச்சாற்றையும் சேர்த்து ஏதோ செய்து கொடுப்பதாக அக்கா சொன்னாள், அதை விவரமாக எழுது என்றும் கேட்டிருந்தீர்கள். இன்று நிலா தூங்கிக்கொண்டிருக்கிறாள், இனியன் பள்ளியில் இருக்கிறான். வெளியே பனி விழுந்துகொண்டிருப்பதால் எங்கும் போக வேண்டியதில்லை. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

இது தொடங்கியது இனியனின் பள்ளியால்தான். அவன் வகுப்பில் ஒரு பையனுக்கு வேர்க்கடலையும் முந்திரி, பாதாம் போன்றவையும் சிறிதும் ஒத்துக்கொள்ளாது என்பதால், அவற்றைச் சேர்த்த எதையும் சிற்றுண்டி டப்பாவில் கொடுத்தனுப்பக் கூடாது என்று எழுதி அனுப்பினார்கள். எள்ளும் சிலருக்கு அப்படிப்பட்ட ஒவ்வாமையைத் தரக்கூடியது. அதனால் எள்ளைப் பற்றித் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சேர்த்தேன். கடைகளில் விதைகளில் செய்த துண்டுகள் அழகான உறைகளில் விற்கின்றன. உறையின் பின்புறத்தைப் படித்தால் பெரும்பாலானவற்றில் சர்க்கரையோ பாகோதான் முன்னால் நிற்கிறது. அதனால்தான் நானே செய்ய ஆரம்பித்தேன், சிக்கனத்துக்காக அல்ல. மாலையில் கடை மூடும் நேரத்துக்குச் சற்று முன்னால் போனால் தோலில் கீறல் விழுந்த ஆரஞ்சுகளைத் தனிக் கூடையில் வைத்திருப்பார்கள். பூஞ்சை பிடிக்காமல் இருந்தால் போதும், சாறு பிழிவதற்கு அவையே நன்றாக இருக்கின்றன.

அக்கா கதிருக்கு நாள்தோறும் மாதுளைச் சாறு கொடுப்பதாக எழுதியிருந்தீர்கள். கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அதன் சிவப்பைப் பார்த்து இரத்தம் ஊறிவிடும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம், அம்மா. அந்த நிறம் ஆந்தோசயனின் என்னும் நிறமியால் வருவது. மாதுளைச் சாற்றில் இரும்புச்சத்து மிகவும் சொற்பம். இரும்பு இருப்பது விதைகளில்தான். 100 கிராம் பூசணி விதைப் பருப்பில் ஏறத்தாழ 9 மில்லிகிராமும், தோல் நீக்காத எள்ளில் 14 மில்லிகிராமும் இருக்கின்றன. ஆயினும் விதையில் இருப்பதெல்லாம் உடம்பில் ஒட்டிவிடுவதில்லை. விதையிலேயே இருக்கும் ஃபைடிக் அமிலம் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. விதையோடு வைட்டமின் சி நிறைந்த சாறும் சேர்ந்து வயிற்றுக்குள் போனால், குடல் அந்த இரும்பை முன்னைவிட எளிதாக உறிஞ்சிக்கொள்கிறது. நான் இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது ருசிக்காக மட்டுமல்ல, இந்தக் காரணத்துக்காகவும்தான். ஆரஞ்சு, சாத்துக்குடி, எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றில் அந்தச் சத்து நிறைய உண்டு. ஆப்பிளிலும் திராட்சையிலும் குறைவு. வைட்டமின் சி சூட்டில் அழியும் என்பதால் சாற்றைக் கொதிக்க வைக்க வேண்டாம், பிழிந்து வெகுநேரம் திறந்தும் வைக்க வேண்டாம்.

கதிருக்காக நீங்கள் செய்ய வேண்டிய துண்டுகளின் பக்குவம் இதுதான். பூசணி விதைப் பருப்பு 100 கிராமையும் சூரியகாந்தி விதைப் பருப்பு 100 கிராமையும் முந்தைய இரவே தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். ஊறும்போது அந்த ஃபைடிக் அமிலம் ஓரளவு குறைகிறது. பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக இளஞ்சூட்டில் வறுங்கள், ஏனெனில் இவை ஒரே நேரத்தில் சிவக்காது. எள் 50 கிராம் போதும். தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் சுண்ணாம்புச்சத்து பெரும்பகுதி போய்விடுவதால் தோலோடு இருப்பதையே வாங்குங்கள். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 150 கிராமை ஒரு சிறிய ஆரஞ்சின் சாற்றில் ஒரு மணிநேரம் ஊறவைத்து விழுதாக அரைத்துக்கொள்ளுங்கள்; சர்க்கரை வேண்டியதில்லை. விதைகளைக் கரகரப்பாகப் பொடித்து, ஆளி விதைப் பொடி இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து, விழுதோடு பிசைந்து தட்டில் அழுத்திப் பரப்பி, குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மணிநேரம் வைத்தால் துண்டு போடும் பதத்துக்கு இறுகிவிடும். ஈரம் சேர்ந்த பண்டம் என்பதால் வெளியே வைக்காதீர்கள். உள்ளே வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஆளி விதையை முழுதாகப் போட்டால் பெரும்பாலும் மெல்லப்படாமல் அப்படியே வெளியேறிவிடும். அரைத்தால்தான் அதன் நல்ல கொழுப்பு உடம்பில் சேரும். அரைத்த பொடி சீக்கிரம் சிக்கு வாசம் பிடித்துவிடும் என்பதால் அவ்வப்போது கொஞ்சமாக அரைத்துக்கொள்ளுங்கள்.

சியா விதை என்று அக்கா வாங்கி வந்தது சப்ஜாவாக இருக்கலாம் என்று நீங்கள் எழுதியதிலிருந்து தோன்றுகிறது. இரண்டும் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் என்றாலும் வெவ்வேறு செடிகள். சப்ஜா ஒரே கறுப்பாக இருக்கும், தண்ணீரில் போட்ட சில நிமிடங்களிலேயே ஊதிவிடும். சியா சாம்பலும் பழுப்பும் கலந்து, கோடு கோடாக இருக்கும், மெதுவாகத்தான் ஊறும். சியா தன் எடையைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு நீரை இழுத்துக்கொள்ளும். ஒரு கோப்பைச் சாற்றுக்கு மூன்று மேசைக்கரண்டி விதை என்ற கணக்கில் போட்டு, ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் ஒருமுறை கலக்கிவிட வேண்டும். கலக்காவிட்டால் அடியில் கட்டி தட்டிவிடும். நான்கு மணிநேரத்தில் கரண்டியால் எடுத்து உண்ணும் பதத்துக்கு வந்துவிடும். உலர்ந்த விதையைப் பிள்ளைகள் அள்ளி வாயில் போட்டுக்கொள்ள ஒருபோதும் விடாதீர்கள். தொண்டையில் போய் ஊறி அடைத்துக்கொள்ளும்.

அக்காவின் சின்னவளுக்குக் கதிருக்குக் கொடுக்கும் துண்டைக் கொடுக்கக் கூடாது. நான்கு வயது ஆகும்வரை முழு விதைகள் மூச்சுக்குழலில் சிக்கும் ஆபத்து உண்டு. நிலாவுக்கு நான் எல்லாவற்றையும் மாவாக அரைத்து, பழக்கூழில் குழைத்துத்தான் ஊட்டுகிறேன். சாற்றையும் அளவோடுதான் கொடுக்க வேண்டும், ஏனெனில் பிழியும்போது நார் போய்ச் சர்க்கரை மட்டும் தங்கிவிடுகிறது. 2017-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிவுரைப்படி, ஒரு வயதுக்குள் சாறே கூடாது. மூன்று வயதுவரை நாளொன்றுக்கு 120 மில்லிலிட்டருக்கு மேல் வேண்டாம். ஏழு வயதுக்கு மேல் 240 மில்லிலிட்டர் வரம்பு. ஆப்பிளைச் சாறாக அடிக்கும்போது அதன் விதைகளை எடுத்துவிடுங்கள். அரைபட்டால் அவற்றிலிருந்து நஞ்சு வெளிப்படும்.

இனியனின் பிறந்தநாளுக்கு அன்னாசிச் சாற்றில் ஜெலட்டின் போட்டு ஜெல்லி செய்தேன். இரவு முழுவதும் வைத்திருந்தும் அது தண்ணீராகவே இருந்தது. வந்திருந்த இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. வேகவைக்காத அன்னாசியிலும் பப்பாளியிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இருப்பதால் ஜெலட்டின் இறுகாது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். கடல்பாசிக்கு அந்தத் தொல்லை இல்லை, அது புரதம் அல்ல. ஒரு தேக்கரண்டி கடல்பாசித் தூளை அரைக் கோப்பைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்கி, அறைச் சூட்டில் இருக்கும் சாறு அரைக் கோப்பையை அதில் ஊற்றிக் கலந்தால் போதும். குளிர்ந்த சாற்றை ஊற்றினால் உடனே திரிதிரியாக உறைந்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். அவர் பறவைகளுக்கு வைக்கும் சூரியகாந்தி விதையை நாள்தோறும் சிறு தராசில் நிறுத்துத்தான் வைப்பார். நான் கொடுத்த விதைத் துண்டையும் அந்தத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "நாற்பது கிராம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் என் தட்டைக் கழுவித் துடைத்து, அதில் நான்கு ஆப்பிள்களை ஒரே அளவாகத் தேர்ந்து வைத்து வாசலில் விட்டிருந்தார். அவரும் நானும் இதுவரை பேசியது பத்து வார்த்தைகள் இருக்காது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவருக்கென்று ஒரு துண்டு எடுத்து வைக்கிறேன். பகலில் இந்தக் கட்டடத்தில் இருப்பவர்கள் அவரும் நாங்களும்தான்.

எள் வறுப்பது மட்டும் எனக்கு இன்னும் கடினமாக இருக்கிறது. குளிருக்காகச் சன்னல்களை எல்லாம் அடைத்திருப்பதால் அந்த மணம் வீட்டை விட்டுப் போவதில்லை. முதல் எள் வெடிக்கும்போது, "சத்தம் கேட்டதும் இறக்கிவிடு, சட்டியின் சூட்டிலேயே மீதி வறுபட்டுக்கொள்ளும்" என்று நீங்கள் என் தோளுக்குப் பின்னால் நின்று சொல்வது கேட்கிறது. போன வாரம் அப்படியே நின்றுவிட்டேன், எள் முழுவதும் கருகிவிட்டது. இனியன் வந்து ஏன் அழுகிறாய் என்று கேட்டான். புகை என்று சொன்னேன்.

மருத்துவர் எழுதிக் கொடுத்த இரும்பு டானிக்கை அக்கா நிறுத்திவிடக் கூடாது. இந்தத் துண்டுகள் அதற்குத் துணைதானே தவிர மாற்று அல்ல. டானிக்கைப் பாலோடோ தேநீரோடோ கொடுக்காமல், கொஞ்சம் ஆரஞ்சுச் சாற்றோடு கொடுக்கலாமா என்று அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் பேரீச்சம்பழம் சேர்த்ததைக் கொடுக்காதீர்கள். வறுத்த பூசணி விதையில் ஒரு கைப்பிடி போதும். அவருடைய கண் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். நான் சொன்ன தொகையில் பாதியை இந்த வாரமும் மீதியை அடுத்த மாதமும் அனுப்புகிறேன். வங்கியில் சிறிது தாமதம், வேறொன்றும் இல்லை. இவருக்கு மாலை நேர வேலை இப்போது குறைந்திருப்பதால் பிள்ளைகளோடு அதிக நேரம் இருக்கிறார், பழம் பிழிவதும் அவர்தான். பெரியப்பா பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலைக் கேட்டால், தம்பி வரும்வரை கையெழுத்து எதுவும் போட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

வீட்டை மாற்றும்போது பாட்டியின் அம்மியைக் கொடுத்துவிடலாம் என்று தம்பி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம், அம்மா. மிக்ஸியில் விதை ஒரு நொடி கூடினாலும் எண்ணெய் விட்டுக் கூழாகிவிடுகிறது. நான் சொன்ன கரகரப்பு அம்மியில்தான் சரியாக வரும். வைக்க இடம் இல்லையென்றால் அக்கா வீட்டுப் பின்கட்டில் போடச் சொல்லுங்கள்.

கதிருக்கு அடுத்த இரத்தப் பரிசோதனை முடிந்ததும் அதில் வந்த எண்ணை எனக்கு எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
வள்ளி