வாதியிடமே பிணையம்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்கு அந்த வழக்குதான் காரணம். நீ விசாரித்ததால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மேல் பாகப்பிரிவினை வழக்குப் போட்டவர் வெளிநாட்டில் குடியேறிப் பன்னிரண்டு வருடமாகிறது. எல்லாம் பவர் ஏஜென்ட் வழியாகத்தான். நான் ஜெயித்தால் என் செலவை யாரிடம் வசூலிப்பது? ஏஜென்ட் கையை விரித்துவிடுவார். இப்படிப் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் வக்கீலின் ஜூனியர் பெண், "சார், அதுக்குத்தான் கட்டளை 25 இருக்கே" என்றாள். தடையாணை என்றால் கட்டளை 39 என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்!

கட்டளை என்றால் விதிகளின் தொகுப்பு; இது 1908ஆம் வருட உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் இருக்கிறது. பிரதிவாதிக்கு இதுவரை ஆன செலவுக்கும் இனிமேல் ஆகப்போகும் செலவுக்கும் வாதி பிணையம், அதாவது முன்கூட்டியே ஓர் ஈடு, கொடுக்கச் சொல்லி, காரணம் எழுதி, நீதிமன்றம் உத்தரவிடலாம். வாதி இந்தியாவுக்கு வெளியே வசித்து, வழக்குச் சொத்து தவிர இங்கே போதிய அசையாச் சொத்தும் இல்லாதவர் என்றால், அந்த 'லாம்' போய் 'வேண்டும்' வந்துவிடுகிறது.

மனு விசாரணை அன்று எதிர்த்தரப்பு வக்கீல், "என் கட்சிக்காரர் ஒன்றும் சொத்தில்லாதவர் இல்லை" என்று ஒரு கூட்டுப்பட்டா நகலை நீட்டினார். நீதிபதி சர்வே எண் மேல் விரலை வைத்துக்கொண்டு, மறு கையால் வழக்குரையின் சொத்து விவரத்தைப் புரட்டினார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இதில்தானே பங்கு கேட்டு வந்திருக்கிறீர்கள்?" அவ்வளவுதான். ஆறு வாரக் கெடு.

அன்று சந்தோஷமாகத்தான் வீடு திரும்பினேன். ராத்திரி படுத்த பிறகு ஏதோ உறுத்தியது. கெடுவுக்குள் பிணையம் வராவிட்டால், வாதி வாபஸ் வாங்க அனுமதி பெற்றாலொழிய, வழக்கு தள்ளுபடி. நியாயம் யார் பக்கம் என்ற கேள்விக்கே இடமில்லை. தக்க காரணம் காட்டினால் அதைத் திரும்ப எடுக்க வழியுண்டு என்றாலும், அதற்கும் அலைய வேண்டும். முன்பெல்லாம், பணம் கேட்டு வழக்குப் போடும் பெண்ணுக்குப் போதிய அசையாச் சொத்து இல்லையென்றாலே அவளிடம் பிணையம் கேட்கலாம் என்று ஒரு விதி இருந்ததாம். அந்தக் காலத்தில் எத்தனை பெண்கள் பெயரில் நிலம் இருந்திருக்கும்? நல்லவேளை, எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் தனிமனிதர் ஏழை என்பதற்காக மட்டும் பிணையம் கேட்பதில்லை. செலவைக் கட்ட முடியாது என்று நம்ப இடமிருக்கிற கம்பெனியிடம் கேட்கலாம். அப்போதும் உண்மையான வழக்கு நசுங்கிவிடுமா என்று பார்க்கிறார்கள். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. எட்டாத தூரத்தில் இருப்பவரிடம் கேள், இல்லாதவரிடம் கேட்காதே.

இன்னொரு வேடிக்கை. பொய் வழக்கு என்று தெரிந்தே போட்டதற்கு அதே சட்டத்தின் பிரிவு 35அ-வின்படி விதிக்கும் இழப்பீட்டுச் செலவுக்கு, வணிக வழக்கு நீங்கலாக, 3,000 ரூபாய்தான் உச்சவரம்பு. எனக்கு நகல் எடுத்த செலவுக்கே அது காணாது.

எதிராளி கெடுவின் கடைசி நாளன்று மாலை பணத்தைக் கட்டிவிட்டார். வழக்கு பழையபடி வாய்தாவில் நிற்கிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். மகனோடு அங்கேயே தங்கிவிடலாமா என்று யோசிப்பதாகவும், உன் வீட்டில் குடியிருப்பவரைக் காலி செய்ய வழக்குப் போடப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். திரும்பி வரமாட்டாய், செலவு கட்டச் சொன்னால் ஆள் கிடைக்காது என்று தோன்றும்படி கிளம்பிப் போனாலே, நீ வெளிநாட்டில் வசிப்பவனாகக் கணக்கு. அந்த வீடு வழக்குச் சொத்து, அதைக் காட்ட முடியாது. அம்மா பெயரிலிருந்த நிலம் உன் பெயருக்கு மாறிவிட்டதா? மாறியிருந்தால் அந்தப் பத்திரத்தை உடனே தேடி எடுத்து வை.

அன்புடன்,
ராமு