புதிய செயலாளருக்கு: கடையை ஊருக்குத் திறப்பது பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். நீங்கள் செயலாளராக வந்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம். நம் முன்னாள் படைவீரர் சங்கத்தில் எழுபதைத் தாண்டியவர்களே அதிகம். பட்டாளத்திலிருந்து அண்மையில் வந்தவர், போனிலேயே படைவீரர் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தைத் திறந்து விவரம் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் பொறுப்புக்கு வர வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருந்தோம். உறுப்பினர்களுக்கு மட்டும் விற்கிற நம் சங்கக் கடையைப் பற்றிப் பொதுக்குழுவில் நீங்கள் ஒரு யோசனை சொன்னீர்கள். அதற்கு அங்கே நிதானமாகப் பதில் சொல்ல நேரமில்லை. திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் என்று சுற்றுவட்டாரத்தில் முன்னாள் படைவீரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் இந்தப் பேச்சு வருவதால், எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

"கடையை ஊருக்கே திறந்துவிடுவோம். தொப்பி, டி-ஷர்ட், வண்டி ஸ்டிக்கர் எல்லாம் பையன்கள் ஆசையாக வாங்குவார்கள், சங்கத்துக்கு வருமானம் வரும்" என்றீர்கள். வருமானம் வரும், அதில் சந்தேகமில்லை. அதிகாலையில் பள்ளி மைதானங்களில் ஆள்சேர்ப்புக்காக ஓடிப் பழகுகிற பையன்களைப் பார்க்கிறோமே, அவர்களே பாதிச் சரக்கை எடுத்துவிடுவார்கள். இருந்தும் வேண்டாம் என்கிறேன்.

நம் பேட்ஜைக் குத்திக்கொண்டு ஒருவர் தாலுகா அலுவலகத்திலோ பெரியாஸ்பத்திரியிலோ நின்றால், இவர் யார் என்று கேட்காமலே தெரிகிறது. படையிலிருந்து விடைபெறும்போது கொடுக்கிற டிஸ்சார்ஜ் புக்கைக் கண்ணால் பார்த்து, உறுப்பினர் பதிவேட்டில் எண் எழுதி, அதற்குப் பிறகுதான் நாம் பேட்ஜ் கொடுக்கிறோம். அதனால்தான் அதற்கு மரியாதை. காசு கொடுத்த யாருக்கும் அது கிடைக்கும் என்றாகிவிட்டால் முதலில் வாங்க வருபவன் யார் என்று யோசித்துப் பாருங்கள். "மிலிட்டரியில் வேலை வாங்கித் தருகிறேன்" என்று பையன்களின் அப்பாக்களிடம் பணம் பிடுங்குகிற ஆள் வருவான். அவனுக்கு வேண்டியது ஒரு தொப்பியும் ஒரு பேட்ஜும்தான். ராணுவத்தில் இருப்பவன் என்று நம்ப வைப்பதற்காகப் படைவீரர் உடையையோ அடையாளத்தையோ அணிவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-வது பிரிவில் குற்றம், மூன்று மாதம் வரை சிறைகூட உண்டு. அந்த அடையாளத்தை நம் கடையே அவனுக்குக் கொடுக்கலாமா?

சரி, பேட்ஜை விட்டுவிட்டு டி-ஷர்ட்டை மட்டுமாவது விற்கலாமே என்பீர்கள். பையன்கள் கேட்பது புள்ளி புள்ளியாக இருக்கும் அந்தப் புதிய போர்ச்சீருடைத் துணியை. 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று அறிமுகமானது அது. அந்த வருடமே ராணுவம் அந்த வடிவத்தைத் தன் பெயரில் பதிவு செய்துவிட்டது. அனுமதியில்லாமல் யாரும் அதைத் தயாரிக்கவோ விற்கவோ முடியாது. கடைத்தெருவில் கிடைக்கிறதே என்றால், கிடைக்கிறதுதான். அதற்காக முன்னாள் படைவீரர் சங்கம் அதை விற்கக் கூடாது. நான்கு சிங்கச் சின்னத்தை இஷ்டத்துக்கு அச்சடிப்பதை 2005-ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. தேசியக் கொடியைக் கைக்குட்டையிலும் மெத்தை உறையிலும் போடக் கூடாது என்பது 1971-ஆம் வருடச் சட்டத்தில் இருக்கிறது. ரெஜிமென்ட் சின்னம் வேண்டும் என்பவர் தன்னுடைய ரெஜிமென்ட்டின் தலைமை மையமான சென்டரில் வாங்கிக்கொள்ளட்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரருக்கு வெலிங்டன் இருக்கிறது, ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ்காரருக்கு பெங்களூரு இருக்கிறது. நம் கடையில் நம் சங்கத்தின் சின்னம் மட்டும் இருந்தால் போதும்.

ராணுவக் கேன்டீனில் சலுகை விலைக்குக் கிடைக்கிற சாமான்களைக் கடையில் வைத்து விற்கலாம் என்றும் சிலர் உங்கள் காதைக் கடிப்பார்கள். ஒரே வார்த்தையில் முடியாது என்று சொல்லிவிடுங்கள். கேன்டீன் கோட்டா கார்டுக்காரரின் சொந்த உபயோகத்துக்கு. அதை மறுபடி விற்றால் கார்டே போய்விடும்.

அப்புறம் எதைத்தான் விற்பது? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பிளேசரை நிறுத்தாதீர்கள், ஆனால் கட்டாயமாக்கவும் வேண்டாம். ஜனவரி 26-க்கு மதுரையில் பிளேசர் போடலாம். ஆகஸ்ட் 15 வெயிலில் ஒரு மணி நேரம் அதைப் போட்டு நின்றால் எண்பது வயதுப் பெரியவர் மயங்கி விழுவார். ஜூலை 26 கார்கில் நாளும் அப்படித்தான். பாக்கெட்டில் சங்கச் சின்னம் தைத்த வெள்ளை அரைக்கைச் சட்டை, தொப்பி, பேட்ஜ். நம் ஊர் வெயிலுக்கு இதுதான் உடை. பிளேசர் வேண்டும் என்பவருக்கு விளக்குத்தூண் பக்கம் துணி எடுத்து, அளவெடுத்துத் தைத்துக் கொடுங்கள், பாதிப் பணம் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு. ரெடிமேடாக வாங்கி அடுக்கினால் 38-ம் 40-ம் அப்படியே தங்கிவிடும். ரிட்டயர் ஆகி நாலைந்து வருடம் ஆனால் நம்மவர்கள் யாரும் அந்த அளவில் இருப்பதில்லை.

திருப்பூரில் டி-ஷர்ட் அடித்தால் வருடத்தைப் போடச் சொல்லாதீர்கள். வருடம் போட்ட துணி மார்ச் தாண்டினால் பீரோவில்தான் கிடக்கும். அங்கே குறைந்தபட்ச எண்ணிக்கை கேட்பார்கள். உறுப்பினர்களிடம் பெயரும் அளவும் எழுதி வாங்கிய பிறகுதான் ஆர்டர் போக வேண்டும். காலண்டர் மட்டும் வருடாவருடம் நிச்சயம் போகிற சரக்கு. கொடிநாள், டிசம்பர் 16 வெற்றி நாள், ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம், மருத்துவமனை எண்கள், நல அலுவலக எண் எல்லாம் அச்சிட்டுக் கொடுத்தால் உறுப்பினர் வீட்டுச் சுவரில் வருடம் முழுக்கத் தொங்கும்.

கொடிநாள் என்றதும் ஒன்று. டிசம்பர் 7 கொடிநாள் 1949-லிருந்து நடக்கிறது. படைவீரர் நலனுக்கான அந்த வசூல் அரசு நிர்வாகத்தின் வழியாக நடப்பது. அந்தச் சமயத்தில் நம் ஸ்டிக்கரை யாரும் வெளியே எடுத்துக்கொண்டு போய் விற்கக் கூடாது. ஜனங்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பணம் கொடுத்துவிடுவார்கள்.

கணக்கு விஷயத்தில் கொஞ்சம் கடுமையாக இருங்கள். சந்தாவுக்கு ஒரு நோட்டு, கடைக்கு ஒரு நோட்டு, சரக்கு இருப்புக்கு ஒரு நோட்டு. "பென்ஷன் ஏறினதும் தர்றேன்" என்று தோளில் கை போட்டுக் கேட்பவரிடம் மறுப்பது கஷ்டம், எனக்குத் தெரியும். ஆனால் பதவியில் பெரியவரான சுபேதாருக்குக் கடன் கொடுத்துவிட்டு, சின்னவரான நாயக்கிடம் ரொக்கம் கேட்டால் சங்கம் இரண்டாகிவிடும். யாருக்கும் கடன் இல்லை என்று எழுதி ஒட்டிவிடுங்கள். பெங்களூரிலும் புனேயிலும் இருக்கும் உறுப்பினர் பிள்ளைகள் கூரியரில் அனுப்பச் சொல்வார்கள். சரக்கு விற்பனை வருடத்துக்கு 40 லட்சத்துக்குள் என்றால் தமிழ்நாட்டுக்குள் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வேறு மாநிலத்துக்கு விற்கத் தொடங்கினால் அந்த வரம்பு உதவாது. ஊருக்கு வரும்போது வந்து வாங்கிக்கொள்ளட்டும். நிர்வாகிகள் மாறிய விவரத்தையும் மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்துவிடுங்கள், 1975-ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி அது நம் கடமை.

இனி எனக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் கடையில் இருக்கும் எல்லாமே ஆண்களுக்கானவை. தொப்பி, டை, பிளேசர், சட்டை. ஆனால் சங்கத்துக்கு அதிகம் வந்து உட்கார்ந்திருப்பவர்கள் யார்? கணவனை இழந்த அம்மாக்கள். கையில் மஞ்சள் பை, அதற்குள் பழுத்துப்போன காகிதங்கள். பாதிப் பேருக்கு ஒரே சிக்கல்தான். கல்யாணம், பிள்ளைகள் விவரத்தைப் படை பதிந்து வைக்கிற பார்ட் டூ ஆர்டரில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர். கல்யாணமான புதிதில் புருஷன் யூனிட் கிளார்க்கிடம் வாயால் சொன்னதை அவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். பிறந்த தேதி உத்தேசமாகப் போட்டது. புருஷன் இருக்கும்வரை அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அவர் போன பிறகு குடும்ப பென்ஷன் அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறது. படையின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டும், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும், ஸ்பர்ஷில் திருத்தம் போட வேண்டும். பென்ஷன் வரத் தொடங்கிய பிறகும் வருடா வருடம் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும், விட்டால் பணம் நிற்கும். பேரையூர்ப் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு அம்மா இதற்காக மதுரைக்கு வந்து போக ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகிறது.

கடை லாபம் முதலில் இதற்குத்தான் போக வேண்டும். கூடப் போகும் உறுப்பினருக்கு பஸ் காசு, ஜெராக்ஸ், நோட்டரி செலவு, இருவருக்கும் மதியச் சாப்பாடு. பெரிய மேடை, ஃபிளெக்ஸ், சால்வை எல்லாம் இதற்குப் பிறகு மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம். உயிரோடு இருக்கும் உறுப்பினர்கள் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து மனைவி பெயர், பிறந்த தேதி இரண்டையும் இப்போதே சரிபார்த்துவிட்டால் இந்த அலைச்சலில் முக்கால்வாசி குறைந்துவிடும். போனில் ஸ்பர்ஷ் பார்க்கத் தெரிந்த உங்களைத் தவிர வேறு யாரிடம் இதைக் கேட்பது?

அந்த அம்மாக்களுக்கு நம் சங்கத்தில் ஓட்டு இல்லை. கணவர் இறந்ததும் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போட்டு உறுப்பினர் எண்ணை மூடிவிடுகிறோம். கணவர் எல்லையில் இருந்த காலத்தில் வயலையும் பிள்ளைகளையும் மாமனார் மாமியாரையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவர் அந்த அம்மா. அவர் எப்படி வெளியாள் ஆவார்? அதே எண்ணை அந்த அம்மாவின் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று விதியைத் திருத்துங்கள். முழு உறுப்பினர், ஓட்டுரிமையோடு. கடையில் அவர்களுக்காகச் சேலையில் குத்திக்கொள்கிற மாதிரி சின்னதாக, கனம் குறைந்த ஒரு பேட்ஜ் செய்யச் சொல்லுங்கள். நூல் புடவையில் இந்த ஆண்கள் பேட்ஜைக் குத்தினால் துணி கிழிந்துவிடும். விலை போடாதீர்கள், சங்கம் கொடுக்கட்டும். பேட்ஜை வெளியாருக்கு விற்க வேண்டாம் என்று நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வது இதற்காகவும்தான். அலுவலகக் கவுண்டரில் அந்த அம்மா அதைக் குத்திக்கொண்டு நிற்கும்போது அதற்கு மதிப்பு இருக்க வேண்டும்.

பீரோவின் மேல்தட்டில் துணி உறைக்குள் சங்கக் கொடி ஒன்று இருக்கிறது. உறுப்பினர் சாவுக்குப் போர்த்துவது அது. சில வீடுகளில் தேசியக் கொடியைப் போர்த்தச் சொல்லி அழுவார்கள். அரசு மரியாதை, படை மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கைத் தவிர வேறு எங்கும் அதைப் போர்த்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் அதைச் சட்டமாகப் பேசாமல், மெதுவாகச் சொல்லி, நம் கொடியைப் போர்த்துங்கள். பாடை தூக்கும் முன் மடித்து எடுத்துவிடுங்கள், சுடுகாடு வரை போக வேண்டாம். வந்ததும் துவைத்துக் காயவைத்துத்தான் உள்ளே வைக்க வேண்டும்.

கட்சி மேடையோ சாதி மேடையோ, சங்க உடையில் யாரும் ஏறக் கூடாது என்ற பழைய விதி தேர்தல் வந்தால் ஆட்டம் காணும். உங்கள் சொந்தக்காரரே கேட்டாலும் விடாதீர்கள்.

அடுத்த செயற்குழுவில் விதித் திருத்தத்தை முதல் பொருளாக வையுங்கள், முன்மொழிய நான் தயார். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரிப் படங்கள் கொண்ட ஆல்பம் வெளியிடுவார்கள். தாமதித்தால் நல்ல படங்கள் போய்விடும், அங்கே யார் போவது என்பதையும் அன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
பழைய பொருளாளர்