குறிப்பேட்டில் வீடு, கூப்பிடு தூரத்தில் வீடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் செட்டிநாட்டு ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை வைத்திருப்பவன். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவனுக்குப் பொறியியல் படிப்பில் என்ன பேச்சு என்று கேட்கலாம். என் மகள் சிவில் சேர்ந்திருக்கிறாள். அதனால் எனக்கும் இது முதலாண்டுதான்.

"கம்ப்யூட்டர் கிடைக்கவில்லையா?" என்று துக்கம் விசாரிப்பதுபோல் கேட்காத உறவினர் இல்லை. கிடைத்தது, அவள்தான் வேண்டாம் என்றாள். ஆனாலும் முதல் பருவத்தில் பைத்தான் என்ற கணினி மொழி அவளுக்கும் உண்டாம். இருபதுக்கு முப்பது அடிக் கூடத்துக்குப் பத்து அங்குலக் கல் எத்தனை வேண்டும் என்று நிரல் எழுதிக் காட்டினாள். 864 என்றது கம்ப்யூட்டர். 900 என்றேன் நான். எந்தச் சுவர் நூல் பிடித்தாற்போல் இருக்கிறது? ஓரத்தில் வெட்டுப்படுவது, வண்டியில் உடைவது எல்லாம் யார் கணக்கு? மறுநாள் நிரலில் ஒரு வரி கூடியிருந்தது. அந்த ஒரு வரிக்காகப் பட்டறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து உடைந்த கற்களை எண்ணினாள்.

இப்போது இரண்டாம் பருவம். 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று ஒரு பாடம். கட்டுமானப் பகுதியில் மாமல்லபுரம், திருமலை நாயக்கர் மகால் ஆகியவற்றோடு செட்டிநாட்டு வீடுகளும் இருக்கின்றன. பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவளுடைய குறிப்பேட்டைப் புரட்டினால் நான்கே வரி! ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதியதாம். கல்லூரி வாசலில் பஸ் ஏறினால் அரை மணியில், அந்த வீடுகள் நிறைந்த கானாடுகாத்தான். முற்றத்தில் விழும் மழை எந்த வழியாக வெளியேறுகிறது, சித்திரை வெயிலிலும் முற்றத்தைச் சுற்றிய வளவு ஏன் குளிர்ந்திருக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டிய பிள்ளைகள், மின்விசிறிக்குக் கீழே நான்கு வரி எழுதிவிட்டு வருகிறார்கள். வெளியூர்த் தோழிகள் சிலர் செட்டிநாடு என்றால் கோழிக் குழம்பு என்றுதான் நினைத்திருந்தார்களாம்.

அவர்களில் இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். "சூளையில் எத்தனை மணி நேரம் வேக வைப்பீர்கள்?" என்றாள் ஒருத்தி. சூளையே கிடையாது. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, சிமெண்டில் குழைத்த வண்ணத்தைக் கட்டத்துக்குக் கட்டம் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குவோம். இறுகியதும் தண்ணீரில் ஊறப் போடுவோம். பளபளப்பு கண்ணாடி தருவது. உறுதி தண்ணீர் தருவது. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது என்று என் மகள் குறுக்கே விளக்கினாள். இத்தனை வருடம் தெரியாமலே செய்திருக்கிறேன்!

வேதியியலும் இப்படித்தான். லித்தியம் அயனி மின்கலத்தைப் படம் வரைந்து பாகம் குறித்தார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி காரைக்குடியிலேயே இருக்கிறது. மின்வேதியியலுக்கென்றே உள்ள ஆய்வகம். வகுப்பில் அதன் பேரைக்கூட யாரும் எடுக்கவில்லையாம்.

கல்லூரிகள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். பருவத்துக்கு ஒரு நாள் வகுப்பறையைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை வெளியே அழைத்து வந்தால் போதும். எங்கள் பட்டறைக்கு எப்போதும் வரலாம். காலையிலேயே வந்துவிட வேண்டும். மதியத்துக்குள் அன்றைய வார்ப்பு முடிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
ஆத்தங்குடி.