எட்டாவது கேள்வியும் வாசல் பெஞ்சும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மருந்து ஆய்வுகளில் பங்கேற்பவர்களின் பாதுகாப்பு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி.யோடு நின்றுவிட்டது. மனநிலையையும் நாங்கள் அளக்கிறோம். பதினொரு வருடமாக இந்த ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்ப்பவள் என்பதால், எப்படி அளக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் சோதிக்கும், சர்க்கரைக்கும் எடைக்கும் தரும் மாத்திரையில் மனசு எங்கே வந்தது என்று கேட்கலாம். ரிமோனபன்ட் என்ற எடைக்குறைப்பு மாத்திரை 2006-ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வருகிறது என்று 2008-ல் நிறுத்தினார்கள். அமெரிக்காவிலோ 2007-லேயே நிபுணர் குழுவின் 14 பேரும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

நாங்கள் பயன்படுத்துவது மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கேள்விகளில் பெரிய குறையில்லை, கைக்கு வரும் தமிழ்தான் படுத்துகிறது.

சென்ற வருடம் ஒரு டீக்கடைக்காரர் வந்தார். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, டிபன் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "காரியங்களில் நாட்டம் குறைதல்" என்று வாசித்தேன். "காரியமா? வீட்ல யாரும் தவறலையே மேடம்" என்றார். எட்டாவது கேள்வி, அடுத்தவர் கவனிக்கும் அளவுக்கு மந்தமாகிவிட்டீர்களா அல்லது நேர்மாறாக நிலைகொள்ளாமல் தவிக்கிறீர்களா என்பது. "மெதுவாவா, வேகமாவா, எதைக் கேக்கறீங்க?" என்றார். ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட வரியை மாற்றிக் கேட்க எனக்கு அனுமதி கிடையாது. இன்னொரு முறை அதையே வாசித்தேன். எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போடச் சொல்லிவிட்டு இட்லிக்குக் கிளம்பினார்.

வாசல் பெஞ்சில் அவர் மனைவி இருந்தார். "கடைல இப்பல்லாம் ரேடியோவே போடறதில்லம்மா. கல்லால உக்காந்து ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்காரு" என்றார், நான் கேட்காமலே. டாக்டரிடம் சொன்னேன். அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

அடுத்தவர் கவனித்தார்களா என்று கேட்கிறோம், கவனித்தவரை வெளியே உட்கார வைக்கிறோம். செத்துப்போகலாமா என்று தோன்றுகிறதா என்ற ஒன்பதாவது கேள்வியை மனைவி எதிரில் கேட்க முடியாதுதான். அதைப் பங்கேற்பவரிடம் தனியாகக் கேட்போம். அவர் சம்மதித்தால் வீட்டாரிடமும் தனியாக இரண்டு நிமிடம் பேசுவதை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவைக்கலாமே. படிவத்தின் தமிழை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் முன் பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேரிடம் படித்துக் காட்டினால் போதும், "காரியம்" அங்கேயே மாட்டிக்கொள்ளும். கேள்வியை இட்லிக்குப் பிறகு வைத்துக்கொள்வதற்குக் காசு பணம் எதுவும் தேவையில்லை.

அந்த டீக்கடைக்காரர் சாப்பிட்டது மருந்தா, மருந்தில்லாத வெறும் மாத்திரையா என்பது ஆய்வு முடியும்வரை டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. படிவத்தில் அன்றைய மதிப்பெண் பூஜ்யமாகவே இருக்கிறது.

(வேலையை முன்னிட்டுப் பெயர் வெளியிட வேண்டாம்)
ஒரு வாசகி, திருச்சி